பவுல் பாடத்தின் கடைசிக் கேள்வி

பாறசாலை,
11 அக்டோபர் 1954

அன்புள்ள கிருபாபாய்க்கு,

நான் ஆள் அனுப்பிப் போலீஸை ஆலயத்துக்கு வரவழைத்தேன் என்று நம் சபையில் பேசிக்கொள்வது பொய். அந்த இன்ஸ்பெக்டர் ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை, தானாகவே வந்தார். உன் கணவர் ரெத்தினதாஸ் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய வண்டிக்குள் ஜெயதாஸை மறைத்துப் பொழியூருக்குக் கொண்டுபோன செய்தி அன்று காலை பத்து மணி வரை எனக்குத் தெரியாது. தமிழ்த் தாலூகாக்களைச் சென்னையோடு சேர்க்கக் கேட்ட ஊர்வலத்தில் ஜெயதாஸ் போனதும், போலீஸ் துப்பாக்கியால் சுட்ட அந்த வெடிவைப்புக்குப் பிறகு ஒளிந்து திரிந்ததும் ஊருக்கே தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஜெயதாஸோடு எனக்குப் பகை இருந்தது, அதைத் தீர்த்துக்கொண்டேன் என்பது இரண்டாவது பொய். பகை இல்லை. ஜூலை மாதம் அவன் ஓய்வுநாள் பள்ளியின் பெரிய வகுப்பில், தமஸ்கு வழியில் ஆண்டவர் சவுலின் பெயரைப் பவுல் என்று மாற்றினார் என்று கற்பித்தான். அப்படி வேதத்தில் இல்லை. இரண்டு பெயரும் அவருக்கு முன்பே இருந்தவை. நம்மிலும் வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயருமாக எத்தனை பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் முன்னால் அதைத் திருத்தினேன். "பேரு மாறினாத்தானே டீச்சர், மனசு மாறினது பிள்ளைகளுக்குப் புரியும்" என்றான். இல்லாததைச் சொல்லிப் புரியவைக்க நமக்கு அதிகாரம் இல்லை என்றேன். அவன் முகம் சிவந்தது. அதோடு முடிந்தது.

மூன்றாவது, என் மகன் ஈசாக்கைப் பற்றியது. அவன் திருவனந்தபுரத்தில் சர்க்கார் சம்பளம் வாங்குவதால் நான் தமிழருக்கு விரோதி என்கிறார்கள். நான் ஜெபிப்பது தமிழில். ஈசாக்குக்கு நான் கடிதம் எழுதுவதும் தமிழில்.

நீ குழந்தை லீலாவையும் கூட்டிக்கொண்டு வெள்ளறடையில் ரெத்தினதாஸின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது இந்தப் பேச்சுகளுக்கெல்லாம் சாட்சி சொன்னதுபோல் ஆகிவிட்டது. ஞானபாய் மைனிமேல் எங்களுக்கு வருத்தம் இல்லை என்று நீ நம் சபைப் போதகர் ஐயருக்கு நான்கு வரி எழுதினால் போதும். உன் அண்ணன், என் வீட்டுக்காரர், உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்கும் நிலை எனக்கு வந்திருக்காது. லீலா திரும்பி வந்தால் கிறிஸ்துமஸ் வசனப் போட்டியில் அவளுக்குத்தான் முதல் பரிசு.

உன் மைனி,
ஞானபாய்

*

வெள்ளறடை,
20 அக்டோபர் 1954

மைனிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் போலீஸைக் கூப்பிட்டீர்கள் என்று நானோ இவரோ ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னவர்களிடம் கேளுங்கள்.

இவரை விட்டுவிட்டார்கள். வந்து எட்டு நாள் ஆகிறது. முழங்கால் இரண்டும் வீங்கி இருக்கிறது. வண்டியில் ஏற முடியவில்லை. காளைகளை விற்றாயிற்று. ஜெயதாஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். பொழியூரில் படகு ஏறக் கடல் அடங்கட்டும் என்று மூன்று நாள் காத்துக்கிடந்தானே, அந்த மூன்று நாளில் ஒருநாள் கடல் அடங்கியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

போன வாரம் பாறசாலையிலிருந்து, சபைக் கமிட்டியில் இருக்கிற பொன்னுதாஸ் அண்ணனின் பெண்சாதி இவரைப் பார்க்க வந்தாள். மகள் தங்கபாயும் கூட வந்தாள். அவளும் லீலாவும் உங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். திண்பண்டம் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். "மாமி, லீலா சும்மாத்தான் இருந்தா. டீச்சர்தான் எந்திரிச்சு நின்னு சொல்லச் சொன்னாவ" என்றாள்.

நீங்கள் செப்டம்பரில் சபைக் கமிட்டியின் முன்னால் சொன்னது வேறு. யாரும் கேட்காமல் குழந்தை தானாக எழுந்து இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி விஷயத்தை உளறிவிட்டது, தடுக்க நேரம் இல்லை என்று சொன்னீர்கள். ஐயர் அதை என்னிடம் வந்து சொன்னார். அதை நம்பித்தான் இங்கே எல்லாம் நடந்தது.

எது நிஜம்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஐயருக்கு நான் எழுதுவதைப் பிறகு பார்க்கலாம்.

கிருபாபாய்

*

பாறசாலை,
28 அக்டோபர் 1954

அன்புள்ள கிருபாபாய்க்கு,

ரெத்தினதாஸ் வீடு திரும்பியதற்காக ஆண்டவரைத் துதிக்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் மட்டும் போதாது, நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டு.

அன்று நடந்ததைக் கேட்டிருக்கிறாய். ஓய்வுநாள் பள்ளி வழக்கம்போல் ஒன்பது மணிக்குத் தொடங்கியது. பவுலைப் பற்றிய பாடம் நான்கு வாரமாக நடந்துவந்தது. முதல் வாரம் ஸ்தேவானைக் கல்லெறிந்தது. எறிந்தவர்களின் மேலாடைகளைச் சவுல் காவல் காத்தாரே, அவருக்கும் அதில் பங்கு உண்டா என்று பிள்ளைகளைக் கேட்டேன். பெரிய பிள்ளைகள் இல்லை என்றார்கள். லீலா எழுந்து, "அவரு துணியைப் பாத்துக்கிட்டதனாலதான் அவங்களுக்கு வீசி எறிய முடிஞ்சு. பங்கு உண்டும்" என்றாள். ஒன்பது வயதுக் குழந்தையின் பதில். அதை ஐயரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

நான்காவது வாரம், பவுலைப் பிடிக்க ஊர்வாசலில் காவல் வைத்தபோது சீஷர்கள் அவரைக் கூடையில் வைத்து மதில்மேலிருந்து இறக்கிவிட்ட பாடம். அதன் நடுவில்தான் இன்ஸ்பெக்டர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். நம் ஆலயத்துக்கு எந்த விருந்தாளி வந்தாலும் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்வதும், அவர்கள் முன்னால் பாடத்தை நடத்திக் காட்டுவதும் என் மாமனார் காலத்திலிருந்து உள்ள வழக்கம். அதைத்தான் செய்தேன். அவர் பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். ஜெபத்துக்குத் தலை குனிந்தார். படித்த மனிதர்.

வகுப்பில் அன்று பதினோரு பிள்ளைகள். யார் எப்போது எழுந்தார்கள், எதைக் கேட்டு எழுந்தார்கள் என்று இரண்டு மாதம் கழித்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தங்கபாய் நல்ல பெண், ஆனால் கற்பனை சற்று அதிகம். போன ஈஸ்டருக்கு ஆலய மணிக்கூண்டில் தேவதூதனைக் கண்டதாகச் சொன்னவள் அவள்.

லீலாவுக்கு என் முத்தங்கள்.

ஞானபாய்

*

வெள்ளறடை,
15 நவம்பர் 1954

மைனிக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்குப் பதில் அதில் இல்லை.

நான் சொல்ல வெட்கப்பட்டதை இப்போது எழுதுகிறேன். இவரைப் பிடித்துக்கொண்டுபோன பிறகு, செப்டம்பரில் கமிட்டி கூடிய அன்றைக்கு ஐயர் வந்து, குழந்தை தானாகச் சொல்லிவிட்டதாம் என்றார். அவர் படியிறங்கிப் போனதும் நான் லீலாவை அடித்தேன். கையால் அடித்து, பிறகு விறகால் அடித்தேன். "ஏட்டி, உன்னிட்ட யாரு கேட்டா? உனக்க நாக்கு சும்மா கிடக்காதா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அவள் அழவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. அதனால் இன்னும் அடித்தேன்.

அன்றிலிருந்து அவள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. பேச முடியாமல் போகவில்லை. ஆட்டுக்குட்டியிடம் பேசுகிறாள், தூக்கத்தில் பேசுகிறாள். யாராவது ஒன்றைக் கேட்டால் மட்டும் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இங்குள்ள பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயரைக் கேட்டிருக்கிறார். சொல்லவில்லை. திமிர் என்று வெளியே நிறுத்தினார். கதை எப்படியோ வந்து சேர்ந்து, பிள்ளைகள் யூதாசு என்று கூப்பிடுகிறார்கள்.

இவர் வந்த அன்று நடக்க முடியாமல் படியில் உட்கார்ந்துகொண்டு, "மக்கா, சோறு தின்னியா?" என்றுதான் கேட்டார். அவள் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். இந்த மனுஷன் போலீஸ் அடித்ததற்கு அழாதவர், அதற்கு அழுதார்.

பக்கத்து வீட்டு விஜயம்மாவிடம் மட்டும் போய் இருக்கிறாள். அந்த அம்மா மலையாளத்தில் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே தேங்காய் துருவுவாள். எதையும் கேட்கமாட்டாள். அதனால் போகிறாள் என்று நினைக்கிறேன்.

குழந்தை தானாகச் சொன்னாளா, நீங்கள் சொல்லவைத்தீர்களா?

கிருபாபாய்

*

பாறசாலை,
22 நவம்பர் 1954

கிருபா,

நான் சொல்லவைத்தேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று நாளாக இந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும் என்னிடம் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பேசினார். நானும் இங்கிலீஷில் பதில் சொன்னேன். எந்தக் கான்வென்ட் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய சகோதரியும் அங்கேதான் படித்தாராம். கிருபா, நான் இந்த வீட்டுக்கு மணமகளாக வந்து நாற்பத்துநான்கு வருஷம் ஆகிறது. நீ அப்போது நடக்கப் பழகிய குழந்தை. இத்தனை வருஷத்தில் நம் ஆலயத்தில் யாரும் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. என் படிப்பை ஒருவர் கண்டுகொண்டார் என்று மனம் குளிர்ந்துபோனது. பிள்ளைகள் எவ்வளவு நன்றாகப் பதில் சொல்வார்கள் என்பதை அவருக்குக் காட்ட ஆசைப்பட்டேன். அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று யோசிக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். யோசித்தேன். ஆனால் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

என் பாடம் எப்போதும் ஒரே கேள்வியில் முடியும் என்பது உனக்குத் தெரியும். நீயும் அந்தப் பெஞ்சில் இருந்தவள்தான். இதை நம் ஊரில், உங்கள் வீட்டில் எப்போது கண்டீர்கள்? கான்வென்டில் ஒரு சிஸ்டர் சொல்லித்தந்த முறை. கூடைப் பாடம் முடிந்ததும் அதையே கேட்டேன். ஆபத்தில் இருந்த ஒருவரை யாராவது மறைத்துக் காப்பாற்றியதைக் கண்டீர்களா?

எல்லாரும் சும்மா இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு ஊமையாக இருப்பது எனக்கு அவமானமாக இருந்தது. லீலாவைப் பார்த்தேன். அவள் வாய்க்குள், "கண்டேன்" என்றாள். கை தூக்கவில்லை. எழுந்து நின்று யார், யாரை, எங்கே என்று சேர்த்துச் சொல் என்றேன்.

அவள் எழுந்தாள். பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "சொல்லலாமா, மாமி?" என்றாள்.

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன சொல்லப்போகிறாள் என்பது தெரியவில்லை. சொல்லக்கூடாத ஒன்று என்பது தெரிந்தது. அவள் என்னை வகுப்பில் ஒருநாளும் மாமி என்று கூப்பிட்டதில்லை. தன் மாமாவின் மனைவியிடம் கேட்டாள், வாத்தியாரிடம் கேட்கவில்லை. உட்காரு மகளே என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நான் சொன்னது, "இங்கே டீச்சர். சொல்லு."

அவள் சொன்னாள். அப்பா, ஜெயதாஸ் சார், மரச்சீனி வண்டி, பொழியூர். ஒன்றும் விடவில்லை. நான் கற்றுக்கொடுத்தபடியே சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்து, மிடுக்கி என்று மலையாளத்தில் மெச்சினார். நான் அதற்கு நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கமிட்டியில் என்னைக் கேட்டபோது ஆறு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நாலு பேருக்கு எழுத்துக் கற்பித்தவள் நான். அவர்கள் முன்னால் தலைகுனிய முடியவில்லை. குழந்தை தானாக எழுந்தது என்றேன். குழந்தையை யாரும் தண்டிக்கமாட்டார்கள், ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ அடிப்பாய் என்று நினைக்கவில்லை. அடித்த கை உன்னுடையது, ஆனால் அந்த விறகை எடுத்துக் கொடுத்தது நான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதம் போதாது. ஆனாலும் கேட்கிறேன்.

ஞானபாய்

*

வெள்ளறடை,
30 நவம்பர் 1954

மைனிக்கு,

கடிதத்தை இவருக்கு வாசித்துக் கேட்பித்தேன். நடுவில் என்னால் வாசிக்க முடியவில்லை. வாங்கித் தானே வாசித்தார்.

நான் உங்களை மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். எனக்கு அது பொறுக்காது.

லீலாவைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, உன்மேல் தப்பு ஒன்றும் இல்லை மக்கா என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள். அடித்தவள் சொன்னால் எப்படி ஏறும்?

இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொய்யைச் சொன்னது எங்கே வச்சு? கமிட்டியில வச்சாக்கும். நம்ம பிள்ளைக்க பேரு கெட்டது எங்கே வச்சு? அந்தப் பிள்ளைகளுக்க முன்னால. ரெண்டு இடத்திலேயும் போய்ச் சொல்லட்டு. அதுக்குப் பொறவு இங்க வரணுமா வேண்டாமான்னு பாப்போம்."

எனக்கும் அதுதான். அதற்கு முன் வர வேண்டாம்.

கிருபாபாய்

*

பாறசாலை,
1 பிப்ரவரி 1955

அன்புள்ள கிருபாபாய்க்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். டிசம்பரிலேயே கமிட்டியைக் கூட்டச் சொல்லியிருக்கலாம். கிறிஸ்துமஸ் பரிசுகளை என் கையால் கொடுத்து முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். இந்த வயதிலும் அது எனக்கு வேண்டியிருந்தது. கொடுத்தேன். ஒவ்வொரு பிள்ளையாக மேடைக்கு வந்து வாங்கும்போது என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 22, சனிக்கிழமை கமிட்டி கூடியது. எழுந்து நின்று, செப்டம்பரில் நான் சொன்னது பொய் என்றேன். உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். பொன்னுதாஸ் என்னை உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப்போட்டான். உட்காரவில்லை. ஐயர், முடிந்துபோனதைக் கிளற வேண்டாம் அம்மா, நீங்கள் சொன்னதே போதும், புத்தகத்தில் ஏற்ற வேண்டாம் என்றார். பொய் புத்தகத்தில் இருக்கிறது, இதுவும் இருக்க வேண்டும் என்றேன். யாரும் பேனாவை எடுக்காததால் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஐயருக்குக் காய்ச்சல். அதனால் பிள்ளைகளிடம் சொல்வது ஒரு வாரம் தள்ளிப்போயிற்று.

ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை பதினேழு பிள்ளைகள் வந்திருந்தார்கள். பவுல் பாடத்தை நான் ஆகஸ்டோடு விட்டுவிட்டேன், அதை இன்று முடிக்கிறேன் என்று தொடங்கினேன். தமஸ்குவில் அனனியா என்பவர், விசுவாசிகளைத் துன்பப்படுத்திய சவுலிடம் போகப் பயந்ததையும், பிறகு போய் அவரைச் சகோதரனே என்று கூப்பிட்டதையும் மறுபடி சொன்னேன். அப்போது தங்கபாய், சவுல் பவுலான பிறகு முன்னால் செய்ததெல்லாம் போய்விடுமா என்று கேட்டாள். ஜெயதாஸ் சார் அப்படித்தான் சொன்னாராம். இரண்டும் ஒரே ஆளின் பெயர்கள்தான் என்று நான் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அன்றுதான் அது என்னைப் பற்றியதாகவும் எனக்குக் கேட்டது. போகாது, அவரே அதைப் போன இடமெல்லாம் வாய்திறந்து சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். அதன்பின் என் கதையைச் சொன்னேன்.

லீலா சொல்லலாமா என்று கேட்டதையும், நான் சொல்லு என்றதையும் சொன்னேன். பிறகு கமிட்டியில் அவள்மேல் பழி போட்டதையும் சொன்னேன். 

"அப்போ லீலா காட்டிக் குடுக்கல்ல, இல்லியா டீச்சர்?" என்றாள் தங்கபாய்.

"இல்ல. நான் குடுக்க வச்சேன்."

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், "டீச்சருக்கு ஜெயில் உண்டா?" என்று கேட்டாள். அவள் அண்ணன் அவளைக் கிள்ளினான். கிள்ளாதே, நல்ல கேள்வி என்றேன். இதற்கு ஜெயில் இல்லை, ஆனால் இனி நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து உங்களுக்குப் பாடம் சொல்வதற்கில்லை என்றேன். ஐயர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்வார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது சரிதான்.

பழைய பேச்சுக்கு இப்போது புதிய பேச்சு வந்திருக்கிறது. கடைத்தெருவில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த முறை அவர்கள் பேசுவதில் நான் திருத்த ஒன்றும் இல்லை. ஈசாக்குக்கும் எழுதிவிட்டேன். ஜெயதாஸுக்குச் சிறைக்கு எழுதினேன், பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

எல்லை எந்தப் பக்கம் விழும் என்று ஊரில் இரவு பகலாகப் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கம் விழுந்தாலும் வெள்ளறடைக்கு இங்கிருந்து பஸ் உண்டு. அவ்வளவு தூரத்தைத்தான் என்னால் இப்போது நினைக்க முடிகிறது.

கமிட்டிப் புத்தகத்தில் எழுதியதை ஐயர் கையெழுத்தோடு நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். லீலாவின் பள்ளி வாத்தியாரிடம் காட்டு. அந்தப் பிள்ளைகள் அவளைக் கூப்பிடும் பெயரை அவர் நிறுத்த வேண்டும்.

நான் லீலாவை நேரில் பார்த்து இதைச் சொல்ல வேண்டும். அவளை எதுவும் கேட்கமாட்டேன். அவள் என்னைப் பார்க்க வேண்டியதும் இல்லை, விஜயம்மா வீட்டில் இருந்தாலும் அந்த வாசலில் நின்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். சாப்பாடு, தண்ணீர் ஒன்றும் வேண்டாம். நான் வருவதைப் பற்றி லீலாவிடம் கேட்காதே. அந்தப் பாரத்தை அவள்மேல் வைக்கக் கூடாது. நீயும் ரெத்தினதாஸும் பேசித் தீர்மானியுங்கள்.

நான் வரலாமா, வரக் கூடாதா என்பதை யாரிடமும் சொல்லி அனுப்பாமல், நீயே உன் கையால் எழுதி அனுப்பு.

ஞானபாய்